அந்தப் புடவை என்ன கலர், தாத்தா?

இந்தப் பொங்கல் விழாவில் நம் சங்கத்துப் பெண்களும் குழந்தைகளும் பழைய தமிழ்ப்பட நடிகைகளைப் போல உடுத்தி மேடையேறுவது என்று விழாக்குழு முடிவு செய்த நாளிலிருந்து என் வீட்டில் அமைதி போய்விட்டது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி சரோஜாதேவியாக வரப்போகிறாளாம். என் மகள் அவளுக்காக ஆன்லைனில் 'ரெட்ரோ செட்' என்று ஒன்றை வரவழைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தேன். வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட பாலியெஸ்டர் சேலை, முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, தலையில் கட்ட ஒரு ரிப்பன், காதுக்குக் கைவளையல் அளவில் இரண்டு பிளாஸ்டிக் வளையம்.

"இது எந்த ஊர் சரோஜாதேவி?" என்று கேட்டேன்.

"ரெட்ரோன்னா இதுதான் தாத்தா. எல்லாரும் இதைத்தான் போடுறாங்க" என்றாள். எழுபதுகளின் பம்பாய்ப் படத்துக் கதாநாயகியை எடுத்து, அதற்குத் தமிழ்ப் பெயர் வைத்து அட்டைப்பெட்டியில் அனுப்பியிருக்கிறார்கள். நாக்பூரில் வளரும் பிள்ளை, அதற்கு எப்படித் தெரியும்?

ஆனால் பெண் கெட்டிக்காரி. இரண்டு நாள் கழித்து, உண்மையான சரோஜாதேவியின் பழைய புகைப்படம் ஒன்றைப் போனில் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். அதைக் காட்டி அவள் கேட்ட கேள்வியைத்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து 2018-ல் ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமா படித்தவன், கலை பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நிறமும் வெளிச்சமும் என் சோறு. அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் கைகாட்டி மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். உயரமான கம்பத்தில் ஒரு கை நீட்டிக்கொண்டு நிற்கும். கை கிடைமட்டமாக இருந்தால் நில், சாய்ந்தால் போ. கையில் சிவப்பு வர்ணம் பூசி, நுனிக்கு அருகில் வெள்ளைப் பட்டை ஒன்றும் போட்டிருப்பார்கள். ஆனால் பகல் நேரத்தில் டிரைவர் நம்புவது நிறத்தை அல்ல, கையின் நிலையை. இரவில்தான் நிறம். கம்பத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். அதன் முன்னால் சிவப்புக் கண்ணாடி வந்தால் நில், பச்சை வந்தால் போ.

கறுப்பு வெள்ளை சினிமாவின் உடை அலங்காரம் பகல் நேரத்துக் கைகாட்டி. வண்ணப் படத்தின் உடை அலங்காரம் இரவு விளக்கு. பழைய நடிகைகளின் புடவையையும் ரவிக்கையையும் புரிந்துகொள்ள இந்த ஒன்று தெரிந்தால் போதும் என்பது என் கட்சி.

கறுப்பு வெள்ளை பிலிம் நிறத்தைப் பதிவு செய்வதில்லை. எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதை மட்டுமே பதிவு செய்கிறது. ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சிவப்புப் புடவையும் பச்சைப் புடவையும் திரையில் ஒரே சாம்பல். அரக்குப் புடவைக்குப் பச்சை ரவிக்கை நேரில் எவ்வளவு எடுப்பு! பிலிமில் இரண்டும் ஒட்டிப்போய் ஒரே துணியாகத் தெரியும். அதனால் நிறத்தால் சொல்ல வேண்டியதையெல்லாம் வடிவத்தாலும் கோட்டாலும் சொல்ல வேண்டியிருந்தது. இருண்ட உடலுக்கு வெளிறிய கரை, வெளிறிய உடலுக்கு இருண்ட கரை, பெரிய பெரிய கட்டம், பெரிய பூ, வெளிச்சம் பட்டால் மின்னும் ஜரிகையும் சம்கியும். ரவிக்கையின் கை விளிம்பில் ஒரு கரை. கைகாட்டியின் நுனியில் வெள்ளைப் பட்டை வைப்பது போல. நகையிலும் இதே கணக்குதான். கெம்புக் கல்லின் அழகு கறுப்பு வெள்ளையில் பாதி போய்விடும். முத்தும் வெள்ளைக்கல்லும் முழுதாக நிற்கும்.

இன்னொரு சங்கதி. பச்சை வெளிச்சம் காட்ட வேண்டிய அந்தக் கைகாட்டிக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் பச்சையாக இருக்காது, நீலம் கலந்து இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தப்பான கண்ணாடியைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து மேஸ்திரியிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, "விளக்கு மஞ்சளாத்தானே எரியும், மஞ்சளும் நீலமும் சேர்ந்தா என்னய்யா?" என்றார். தூரத்தில் இருந்து பார்ப்பவனுக்குப் பச்சை தெரிய வேண்டுமானால் பக்கத்தில் நீலம் வைக்க வேண்டும்.

ஸ்டூடியோவிலும் அதே கதை. வெள்ளை வெளேர் என்ற துணி அத்தனை விளக்குக்கு முன்னால் பளீரிட்டு, ஓரங்களில் ஒளி கசிந்து, நடிகையின் முகத்தையே அமுக்கிவிடும். ஆகவே திரையில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய துணிக்கு இளமஞ்சளோ இளநீலமோ பழுப்போ ஏற்றுவது கறுப்பு வெள்ளைப் படப்பிடிப்பில் உலகெங்கும் இருந்த வழக்கம். நாம் மல்லிகை வெள்ளை என்று நினைத்துப் பார்த்த புடவைகளில் எத்தனை மெய்யாகவே வெள்ளையோ!

முகத்துக்கும் இப்படித்தான். ஸ்டூடியோ பல்பு வெளிச்சத்தில் சிவப்பு அதிகம். சிவப்பையும் உணரும் பிலிமில் அந்த வெளிச்சத்தில் உதடு வெளிறிவிடும். அதனால் சாயத்தை அடர்த்தியாகப் போட வேண்டும். தோலின் மேடு பள்ளம் தெரியாமல் சமப்படுத்த 'பான்கேக்' பூச்சு. அமெரிக்காவில் மாக்ஸ் ஃபாக்டர் கம்பெனி 1937-38 ஆண்டுகளில் வண்ணப் படங்களுக்காகக் கொண்டுவந்த சரக்கு அது. கறுப்பு வெள்ளைக்கும் பரவியது. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் அது லாரிக்கணக்கில் செலவானதை அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். (அவர் செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகன் என்பதில் எனக்கு ஒரு தனிப்பெருமை.) விளக்குகள் மேலே இருந்து அடிப்பதால் கண் குழியில் நிழல் விழும், ஆகவே மை தீட்டி, கண்ணின் ஓரத்தைத் தாண்டி ஒரு வால் இழுத்துவிட வேண்டும். பரத நாட்டியத்தில் ஏற்கெனவே இருந்த பழக்கம் கேமராவுக்கும் தோதாகப் போயிற்று. பத்மினியும் வைஜயந்திமாலாவும் நாட்டியத்தில் இருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் கண் எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1958-ல் வந்த வஞ்சிக்கோட்டை வாலிபன் போட்டி நடனத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் என்ன நிறம் உடுத்தியிருந்தார்கள் என்று எந்த ரசிகருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு ஜோடிக் கண்களும் கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட் வரைக்கும் தெரிந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்நாட்டில் ஒரு நடிகையின் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற நிறம் எம்.எஸ். புளூ. சேவாசதனம் (1938), சகுந்தலை (1940), சாவித்திரி (1941), மீரா (1945) என்று எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த படங்கள் எல்லாமே கறுப்பு வெள்ளை. அந்த நீலத்தைத் திரையில் யாரும் பார்த்ததில்லை. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த அந்தப் பட்டைக் கச்சேரி மேடையில்தான் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி, நெற்றியில் குங்குமம், தலை நிறையப் பூ, அந்த நீலம். அவர் நடிப்பை விட்டு எத்தனையோ வருஷம் ஆன பிறகும் எங்கள் தெருப் பெண்கள் கடையில் போய் "எம்.எஸ். புளூ இருக்கா?" என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

நிற்க. 'பழைய நடிகை' என்று சொல்லி எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் இந்த ரெட்ரோ செட்டின் கோளாறு. நாற்பதுகளின் உடை வேறு, அறுபதுகளின் உடை வேறு.

ஹரிதாஸ் (1944), சந்திரலேகா (1948) காலத்து டி.ஆர். ராஜகுமாரி தலைமுறைக்கு அடையாளம் பஃப் கை. தோளில் சுருக்கம் வைத்து பலூன் போல உப்பி நிற்கும் கை அது. துணி மொறமொறப்பாக இருந்தால்தான் நிற்கும். தொளதொளப்பான துணியில் தைத்தால் நனைந்த கோழி மாதிரி தொங்கிவிடும். வெள்ளைக்காரப் பெண்களின் கவுனில் இருந்து நம்மூர் ரவிக்கைக்கு வந்த கை. கறுப்பு வெள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை யாராலும் யோசித்திருக்க முடியாது, ஏனென்றால் அது முழுக்க முழுக்க வடிவம்.

ஐம்பதுகளில் பஃப் மெல்ல இறங்கியது. சாவித்திரி, பானுமதி, அஞ்சலிதேவி காலம். முழங்கை வரை வரும் கை, விளிம்பில் கரை, நெற்றிக்கு மேலே அலையாக வாரிய முடி, ஒற்றைப் பின்னல், பூ. பாசமலர் (1961) வரைக்கும் சாவித்திரியின் வீட்டுக் காட்சிகளில் பார்த்தால், நம் அத்தை, சித்தி கட்டியிருந்த மாதிரியே இருக்கும். அதனால்தான் அவர் அழுதால் கொட்டகையில் எல்லாப் பெண்களும் அழுதார்கள் என்று என் அம்மா சொல்வாள். 2018-ல் வந்த நடிகையர் திலகம் படத்தில் கீர்த்தி சுரேஷுக்கு அந்தக் காலத்துப் புடவைகளையும் ரவிக்கைகளையும் தேடி உருவாக்கினார்கள். அதன் தெலுங்குப் பதிப்பான மகாநடிக்கு ஆடை வடிவமைப்புக்கான தேசிய விருதே கிடைத்தது. சாவித்திரியாக வர விரும்பும் நம் சங்கத்துப் பெண்கள் அட்டைப்பெட்டிகளை விட்டுவிட்டு அந்தப் படத்தைப் பார்க்கலாம்.

இனி சரோஜாதேவிக்கு வருகிறேன். 2025 ஜூலையில் அவர் மறைந்தபோது என் அக்கா போன் செய்து, சொந்தத்தில் யாரோ போன மாதிரி பேசினாள். காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

தமிழில் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த அலிபாபாவும் 40 திருடர்களும். கேவாகலர். பானுமதிதான் கதாநாயகி. இரண்டு வருஷம் கழித்து நாடோடி மன்னன் (1958): முன்பாதி கறுப்பு வெள்ளை, பின்னால் கேவாகலர். ஜங்ஷனில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் மாட்டுகிற மாதிரி நடுவழியில் நிறம் வந்து சேர்கிறது. அந்த வண்ணப் பகுதியில்தான் சரோஜாதேவி வருகிறார். பானுமதியைக் கறுப்பு வெள்ளையில் பார்த்துவிட்டு, புதுமுகத்தை வண்ணத்தில் பார்த்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! தமிழ்நாட்டு உடை அலங்காரத்தில் காலம் இரண்டாகப் பிரிந்த இடம் அது என்று எனக்குத் தோன்றும்.

ஆனாலும் அதற்குப் பிறகு பல வருஷம் பெரும்பாலான சமூகப் படங்கள் கறுப்பு வெள்ளைதான். வண்ண பிலிமுக்குச் செலவு அதிகம். 1959-ல் கல்யாணப் பரிசு, 1961-ல் பாலும் பழமும் இரண்டும் கறுப்பு வெள்ளை. பாலும் பழமும் கட்டம் என்றால் இன்றும் பட்டுக் கடையில் எடுத்துப் போடுவார்கள். வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வரும் சின்னக் கட்டம். பால் வெள்ளை, பழம் சிவப்பு. எங்கள் தெருவில் அந்தப் புடவை கட்டியவர்கள் எல்லாரும் சினிமாவைச் சொல்லித்தான் கட்டினார்கள். சினிமாவிலோ பழமும் சாம்பல்!

1964-ல்தான் வெள்ளம் உடைந்தது. கர்ணன், காதலிக்க நேரமில்லை, புதிய பறவை மூன்றுமே அந்த ஆண்டு ஈஸ்ட்மன் கலரில் வந்தவை. 1966-ல் ஏவி.எம்.மின் முதல் வண்ணப்படமாக அன்பே வா. இப்போது கைகாட்டி போய் விளக்கு வந்துவிட்டது. வடிவத்தால் கத்த வேண்டிய அவசியம் இல்லை; நிறமே கத்தும். பஃப் கை போன இடம் தெரியவில்லை. கை குட்டையாகி உடலோடு ஒட்டியது, பிறகு கையே இல்லாமல் போனது. முதுகில் கழுத்து இறங்கி, நாடா வைத்து முடிச்சுப் போடும் மோஸ்தர் வந்தது. விமானப் பணிப்பெண்ணாக இருந்து நடிக்க வந்த காஞ்சனா, 1965-ல் வெண்ணிற ஆடையில் தமிழுக்கு வந்த ஜெயலலிதா போன்றவர்கள் சல்வார், ஸ்கர்ட் என்று போனார்கள். கண்ணின் வால் மட்டும் குறையவில்லை. இன்னும் ஓர் அங்குலம் நீண்டது.

துணியும் மாறியது. நைலான், ஷிபான், ஜார்ஜெட். பட்டைவிட மெல்லியது, தண்ணீர் மாதிரி விழும், சாயம் பளிச்சென்று ஏறும். வண்ணப் படத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் வீடுகளில் நைலான் சேலைக்குப் பெரியவர்கள் தடை போட்டார்கள். உள்ளே தெரிகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நியாயமானது: விறகடுப்பும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் இருந்த சமையலறையில் நைலான் தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

கொண்டை ஒரு பெரிய கட்டுமானம். முடியைச் சீப்பால் எதிர்ப்பக்கம் வாரி வாரிப் புசுபுசுவென்று ஆக்கி, உள்ளே சவுரி உருண்டையோ டோப்பாவோ வைத்து, மேலே ஒரு பட்டை முடியை மூடி, ஊசி குத்தி நிறுத்துவது. என் அக்கா சவுரி வாங்கக் காசு இல்லாமல் அப்பாவின் பழைய காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்தாள். நான் கண்ணால் பார்த்தேன். பிரிட்ஜ் கட்டுகிறவர்கள் அவளிடம் பாடம் கேட்கலாம்.

இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைத் தெரியாமல் பலர் பணத்தை வீணடிக்கிறார்கள். பழைய வண்ணப்படங்களைப் பார்த்தால் எல்லாமே செம்பழுப்பாக, செங்கல் தூள் தூவிய மாதிரி இருக்கிறதல்லவா? அதுதான் 'அந்தக் காலத்து நிறம்' என்று நினைத்து மங்கலான துணி எடுக்கிறார்கள். அது துணியின் நிறம் அல்ல, பிலிமின் நோய். ஈஸ்ட்மன் கலர் பிரிண்டில் மூன்று சாயங்கள் உண்டு. அந்தக் காலத்துப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடும். மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். அப்போது கொட்டகையில் முதல் நாள் பார்த்தவர்கள் கண்ட நிறம் வேறு: கிளிப்பச்சை, மயில் கழுத்து, ராணி ரோஸ், எலுமிச்சை மஞ்சள். 2012-ல் கர்ணனை டிஜிட்டல் முறையில் சரிசெய்து மறுபடி வெளியிட்டபோது போய்ப் பார்த்தவர்கள் அசந்து போனதற்குக் காரணம் இதுதான். ஆகவே அறுபதுகளின் நடிகையாக வருகிறவர்கள் பளிச்சென்று உடுத்துங்கள், தயங்க வேண்டாம்.

இனி அக்கா கதை.

நான் 1958-ல் பிறந்தவன். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். காலனி வீடு. தெருமுனையில் ஒரு தையல்காரர் கடை இருந்தது. சுவர் முழுக்க பேசும் படம் பத்திரிகையில் இருந்து வெட்டிய நடிகைகளின் படங்கள். அதுதான் அவருடைய கேட்லாக். பெண்கள் வந்து சுவரைக் காட்டி, "இந்த மாதிரி கழுத்து, அந்த மாதிரி கை" என்று சொல்வார்கள். அவரும் காதில் பென்சிலை வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, டாட் எத்தனை, கிராஸ் கட்டா நேர் கட்டா என்று கணக்குப் போட்டுவிடுவார். புளூபிரிண்ட் பார்த்து வேலை செய்கிறவனுக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் அவர் ஒருபடி மேல். அவரிடம் அளவே இல்லாத புளூபிரிண்ட்.

1969-ல் பெரியப்பா பெண் கல்யாணம் வந்தது. அக்காவுக்கு வயது பதினெட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த காசில், சுவரில் இருந்த சரோஜாதேவி படத்தைக் காட்டி ஒரு ரவிக்கைக்கு அளவு கொடுத்தாள். பின்கழுத்து இறக்கம், குட்டைக் கை, முதுகில் நாடா முடிச்சு. படம் கறுப்பு வெள்ளை. என்ன நிறம் என்பதில் அவளுக்கும் தையல்காரருக்கும் வழக்கு. அவர் பச்சை என்றார். அவள் கத்திரிப்பூ நிறம் என்று அடித்துச் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "பார்த்தா தெரியலையா அண்ணே?" என்றாள். உடன் போயிருந்த எனக்கு இரண்டும் தெரியவில்லை. சாம்பலாகத்தான் இருந்தது. கத்திரிப்பூ நிறத்தில் துணி எடுத்தார்கள்.

அந்த வாரம் அவள் தோழிகளோடு சினிமாவுக்குப் போனாள். என்னை அழைத்துப் போகவில்லை. அன்று ராத்திரி அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, அக்கா முதுகு தெரிகிற மாதிரி ரவிக்கை தைத்துப் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நான் சொன்னேன்.

அப்பா அடிக்கவில்லை, கத்தவில்லை. கை கழுவிவிட்டு வந்து, ரவிக்கையை எடுத்து வரச் சொன்னார். விரித்துப் பார்த்தார். அம்மாவிடம் கொடுத்து, "இதைக் கரித்துணி ஆக்கு" என்றார். அவ்வளவுதான். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நாடாவை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அதை அடுப்படியில் போட்டாள். கல்யாணத்துக்கு அக்கா பழைய வெள்ளை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தக் கத்திரிப்பூத் துணி சாம்பாரும் கரியும் ஏறி, நிறம் தெரியாமல் போகும் வரை இரண்டு மூன்று வருஷம் எங்கள் அடுப்படியில் கிடந்தது. அக்கா அதைப் பிடித்துத்தான் தினமும் சோற்றுப் பானையை இறக்கினாள்.

என் பேத்திக்குக் காட்ட ஒரு பழைய புடவையாவது எடுத்து வைத்திருக்கிறாயா என்று மகள் கேட்டாள். எங்கே? அம்மாவின் கல்யாணப் பட்டு, ஜரிகைக்காக வாங்குகிறவனிடம் போய் ஒரு எவர்சில்வர் குடமாகத் திரும்பி வந்தது. குடம் இன்னும் நாக்பூர் வீட்டில் இருக்கிறது. சரோஜாதேவியாக உடுத்திக் குடத்தைக் காட்ட முடியாது.

ரெட்ரோ செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டோம். காந்திபாக் துணிக்கடைகளில் மகளும் பேத்தியும் நானுமாக மூன்று மணி நேரம் அலைந்து, இளமஞ்சளில் அகலக் கரை வைத்த ஷிபான் ஒன்று எடுத்தோம். ரவிக்கைதான் தகராறு. இங்குள்ள தையல்காரர் நல்ல மனிதர், ஆனால் அந்தப் படத்தைக் காட்டினால் முன்பக்கம்தான் தெரிகிறது, பின்பக்கம் எப்படி என்று கேட்கிறார். வேறு வழியில்லாமல் சென்னைக்குப் போன் போட்டேன். அக்காவுக்கு இப்போது எழுபத்துநான்கு வயது. முட்டிவலி, காது கொஞ்சம் மந்தம். விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"எழுதிக்கடா" என்றாள். "பின்கழுத்து ஏழு இஞ்ச் இறக்கம். சின்னப் பொண்ணுன்னா ஆறு போதும். கை நாலு இஞ்ச், இறுக்கிப் பிடிக்கணும், ஆனா தூக்கினா கிழியக் கூடாது, அதனால கிராஸ் கட். நாடா அதே துணியில, நுனியில குஞ்சம். முடிச்சு நடு முதுகுல வரணும், கழுத்துகிட்ட வரக் கூடாது."

ஐம்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காத ரவிக்கை.

"என்ன கலர்க்கா?"

"இது என்ன கேள்வி? கத்திரிப்பூ கலர்தான்."

எழுதிக்கொண்டேன். பிறகு, எத்தனையோ வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "அக்கா, அன்னைக்கு அப்பாகிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்டா. முதுகுல லைனிங் வைக்கச் சொல்லு, இல்லைன்னா நாடா இழுத்து கிழிஞ்சிடும். வச்சிடட்டுமா? சீரியல் ஓடுது."

ரவிக்கை அடுத்த வியாழக்கிழமை தயாராகிவிடும் என்று தையல்காரர் சொல்லியிருக்கிறார். விழாவுக்கு அக்காவும் வருகிறாள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. மேல் பெர்த்தாகக் கிடைத்திருக்கிறது. கீழ் பெர்த் மாற்றிக் கொடுக்கக்கூடிய அன்பர்கள் யாராவது அதே வண்டியில் சென்னையிலிருந்து திரும்புவதாக இருந்தால் விழாக்குழுவிடம் சொல்லிவிடுங்கள்.